மார்கழி பஜனைக்கு முன்னால் ஒரு நோட்டு போடணும்

மார்கழி பிறக்க இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கு. நம்ம ஊர் பஜனைக் கோயில்ல ஆர்மோனியப் பெட்டிக்குத் தூசி தட்டியாச்சு. மிருதங்கத்துக்கு வார் இழுத்துப் பிடிக்க டவுனுக்குக் கொடுத்து விட்டாச்சு. டோலக்குக்குத் தோல் மாத்தணும், அதுக்கு வசூல் நடக்குது. இதைப் பத்தியெல்லாம் ஊர்ல மணிக்கணக்காப் பேசுவாங்க. ஆனா வெடியால நாலரை மணி இருட்டுல முப்பது நாப்பது பிள்ளைங்க வீட்டை விட்டு வெளிய வர்றாங்களே, அதுங்களை யாரு பார்த்துக்கறதுன்னு கேட்டா எல்லார் முகமும் சுருங்கிப் போகுது. அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். படிச்சுட்டுத் திட்டறவங்க திட்டுங்க, பரவாயில்லை.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க பஜனைக் குழுன்னா பெரிய சபா எல்லாம் கிடையாது. பாட்டு படிச்சவங்க யாரும் இல்லை. ஆர்மோனியம் வாசிக்கறவர் ரைஸ் மில்லுல கணக்கு எழுதறவர். மிருதங்கம் ஒருத்தர், டோலக் ஒருத்தர், கஞ்சிரா ஒருத்தர், ஜால்ரா யார் கைக்குக் கிடைக்குதோ அவங்க. மார்கழி ஒண்ணாந்தேதியில இருந்து கடைசி வரைக்கும் திருப்பாவை, திருவெம்பாவை, அப்புறம் நாமாவளி பாடிக்கிட்டு நாலு வீதியும் சுத்தி வரணும். திரும்பி வந்தா கோயில்ல வெண்பொங்கலோ சுண்டலோ கிடைக்கும். பொடிசுங்க பாதிக்கு மேல அந்தப் பொங்கலுக்காக வர்றதுதான். நானும் சின்ன வயசுல அப்படித்தான் போனேன், அதுல தப்பு ஒண்ணும் இல்லை. தொன்னையில சூடா வாங்கித் தின்னுட்டு, அப்படியே திருப்பாவை முப்பதும் மனசுல ஏறிரும்.

இது போக வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி பூராவும் கண் முழிச்சுப் பாடறது ஒண்ணு. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே கூடப் போறது ஒண்ணு. அது மூணு நாள், நாலு நாள். வழியில கல்யாண மண்டபத்துலயோ தோட்டத்துச் சாளையிலயோ படுக்கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க திருப்பாவை ஒப்புவித்தல் போட்டிக்கு வேன்ல டவுனுக்குப் போறது இன்னொண்ணு. ஐப்பசி, கார்த்திகையில பொழுதோட ஆறரைக்கு மேல கோயில் மண்டபத்துல பாட்டுப் பழக்கறது வேற.

இத்தனைக்கும் பொறுப்பு யாரு? கேட்டுப் பாருங்க. 'எல்லாரும்தான்' அப்படின்னு சொல்லுவாங்க. எல்லாரும் பொறுப்புன்னா மடைக்கு யாரும் போகலைன்னு அர்த்தம். வாய்க்கால்ல தண்ணி விடறப்பக் கூட இன்ன நேரம் இன்னார் முறைன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கோம். தண்ணிக்கு இருக்கற முறை பிள்ளைங்களுக்கு இல்லை.

ஒரு நாள் காலை எப்படி நடக்குதுன்னு வரிசையாச் சொல்றேன். ரேடியோ செட்டுல பாட்டு போட்டதும் பிள்ளைங்க கிளம்புது. மேக்கால வீதியில இருந்து வர்ற பிள்ளைங்க அந்தப் புளியமரத்தடி தாண்டி வரணும். அங்க தெருவிளக்கு எரிஞ்சா அதிசயம். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் கிளம்புச்சுன்னு கோயில்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை கோயிலுக்கு வந்து சேரலைன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாது. நாலு வீதி சுத்தறப்ப முன்னாடி பெரியவங்க பாடிக்கிட்டுப் போயிருவாங்க. பின்னாடி வால் மாதிரி பொடிசுங்க நீண்டுக்கிட்டே போகும். அந்த வாலோட நுனியில யார் இருக்காங்கன்னு யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. முடிஞ்சதும் ஒண்ணொண்ணாக் கலைஞ்சு போகுது. சில பேரை 'வா கண்ணு, நான் வண்டியில விட்டுடறேன்'னு யாராச்சும் கூட்டிப் போறாங்க. நல்ல மனசுலதான் கூட்டிப் போறாங்க, நான் இல்லைங்கல. ஆனா யார் வண்டியில யார் போனாங்கன்னு ஒரு ஆளுக்காவது தெரியணுமா வேண்டாமா?

புரட்டாசியில கூடிப் பேசினப்ப இதைச் சொன்னேன். உடனே ஒரு பெரியவர், எனக்குப் பங்காளி முறை, அண்ணன் ஆகணும், 'ஏனப்பா, சாமி காரியத்துல எதுக்கு இந்தச் சந்தேகப் புத்தி? நம்ம ஊர்ல யாரு அப்பேர்ப்பட்ட ஆளு? சொல்லு பார்க்கலாம்'னு கேட்டாரு. நான் யார் பேரையும் சொல்லலைங்க. யாரையும் மனசுல வச்சும் பேசலை. தோட்டத்துக்கு வேலி போடறவன் பக்கத்துத் தோட்டத்துக்காரனைத் திருடன்னு சொல்றான்னு அர்த்தமா? ஆனா அன்னைக்கு அது எடுபடலை. சத்தம் ஆகிப் போச்சு. அதனாலதான் உக்காந்து எழுதறேன். எழுதினா முழுசாச் சொல்லி முடிக்கற வரைக்கும் யாரும் குறுக்க பேச முடியாது.

'நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லை'ங்கற பேச்சு ஒவ்வொரு ஊர்லயும் இருக்கு. 2007இல் மத்திய அரசோட பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 13 மாநிலத்துல 12,447 பிள்ளைங்ககிட்ட விசாரிச்சாங்க. அதுல 53 சதவீதத்துக்கு மேல ஏதோ ஒரு வகையில பாலியல் தொந்தரவு நடந்ததாச் சொல்லியிருக்காங்க. ஆண் பிள்ளைங்களும் சரிபாதிக்குக் குறையலை. அதுல முக்கால்வாசிப் பிள்ளைங்க யார்கிட்டயும் சொல்லலைன்னு அந்த ஆய்விலேயே இருக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடற புள்ளிவிவரத்தைப் பாருங்க. போக்சோ வழக்குல பிள்ளையைக் கெடுத்தவன் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆளு. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், சொல்லிக் கொடுக்கறவன். நாம பிள்ளைங்களுக்குப் 'பூச்சாண்டி பிடிச்சுக்குவான், தெரியாதவன் மிட்டாய் கொடுத்தா வாங்காதே'ன்னு சொல்லி வளர்க்கறோம். தெரிஞ்சவன் கொடுத்தா என்ன செய்யறதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கறதில்லை.

பாட்டுன்னு வந்தா இன்னொண்ணும் இருக்கு. சொல்லிக் கொடுக்கறவர் குரு. குரு காலைத் தொட்டுக் கும்பிடணும், எதிர்த்துப் பேசக்கூடாது. வித்தை அவர் கையில இருக்கு, அரங்கேற்றம் அவர் கையில இருக்கு, முன்வரிசையில நிக்க வைக்கறதும் அவர் கையில இருக்கு. இந்த மாதிரி ஒரு ஆள் கையில எல்லாம் இருக்கற இடத்துல, அந்த ஆள் தங்கமா இருந்தா சரி. இல்லைன்னா பிள்ளை யார்கிட்டப் போய்ச் சொல்லும்? இது பட்டிக்காட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2018 அக்டோபர்ல மெட்ராஸ் மியூசிக் அகாடமி, புகார் வந்த 7 கலைஞர்களை அந்த வருஷ டிசம்பர் சீசன்ல இருந்து எடுத்துச்சு. 2023 மார்ச்சுல கலாட்சேத்திராவுல மாணவிகள் உக்காந்து போராட்டம் பண்ணினாங்க, அதுக்கப்புறம் ஒரு உதவிப் பேராசிரியர் கைதானாரு. அத்தனை பேரும் புகழும் இருக்கற இடத்துல, நிர்வாகம், கமிட்டி, வாட்ச்மேன் எல்லாம் இருக்கற இடத்துல, பிள்ளைங்க தெருவுக்கு வந்து கத்தினாத்தான் காது கேக்குதுன்னா, ஒரு நோட்டுப் புஸ்தகம் கூட இல்லாத நம்ம பஜனைக் கோயில் எந்த மூலைக்கு?

நம்ம ஊர்ல இன்னொரு விஷயமும் மாறிப் போச்சு. எங்க காலத்துல பஜனைக்கு வர்ற பிள்ளைக்குப் பின்னாடி அப்பத்தாளோ பெரியம்மாளோ முக்காடு போட்டுக்கிட்டு வருவாங்க. இப்ப அப்பனும் ஆத்தாளும் பனியன் கம்பெனி வண்டிக்கு ஏழு மணிக்குப் போகணும். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு அப்பத்தான் படுத்திருப்பாங்க. நாலஞ்சு பிள்ளைங்க பாட்டி வீட்டுல வளருது, பெத்தவங்க திருப்பூர்ல இருக்காங்க. காலனியில இருந்து வர்ற பிள்ளைங்க இப்ப ரெண்டு மூணு வருஷமாத்தான் வருது. அதை நான் சந்தோஷமாச் சொல்றேன், முந்தியே வந்திருக்கணும். ஆனா அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு நடந்தா, கோயில் மண்டபத்துல நின்னு தைரியமாச் சொல்லுமா? சொன்னாலும் இந்த ஊர் நம்புமா? தப்பு பண்ணணும்னு நினைக்கறவன் முதல்ல தேடறது இப்படிக் கேக்க நாதி இல்லாத பிள்ளையைத்தான். கேக்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி பேர் ஒதுங்கிருவாங்க.

அடிக்கறதைப் பத்தியும் சொல்லணும். 'அடிச்சாத்தான் வித்தை வரும்'னு இன்னும் பெருமையாப் பேசறாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி பாட்டுப் பழக்க வந்த ஒருத்தர் (இப்ப நம்ம குழுவுல இல்லை, ஊர்லயும் இல்லை) தாளம் தப்பினா கையில இருக்கற ஜால்ராவாலேயே விரல் கணுவுல தட்டுவாரு. வெண்கல ஜால்ரா. ஏழாவது படிச்ச பையன் ஒருத்தன் பாதி மார்கழியில நின்னு போனான். நல்ல குரல், கட்டை ஏறினா கோயில் மணி மாதிரி கேக்கும். 'தூக்கம் வருதுன்னு வர மாட்டேங்கறான்'னு அவங்க அம்மா சொன்னாங்க. விரல் வீங்கி இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பையன் இன்னைக்கு வரைக்கும் பாடலை. பள்ளிக்கூடத்துல பிள்ளையை அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. பொறுப்புல இருக்கற ஆளு பிள்ளையைக் கொடுமைப்படுத்தினா மூணு வருஷம் வரைக்கும் தண்டனைன்னு 2015 இளைஞர் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவு சொல்லுது. சம்பளம் வாங்கற வாத்தியாரே அடிக்கக்கூடாதுன்னா, சும்மா ஆசைக்குப் பாடற எடத்துல யாருக்கு அந்த அதிகாரம் கொடுத்தது?

இப்ப பிள்ளைங்களை விட்டுட்டுப் பெரியவங்ககிட்ட வர்றேன். ஏன்னா பெரியவங்கள்லயும் பாதுகாப்பு வேண்டியவங்க இருக்காங்க. அது நிறைய பேருக்கு ஞாபகமே வர்றதில்லை.

நம்ம குழுவுல ஜால்ரா போடற ஒருத்தர் இருக்காரு. பேரு வேண்டாம், ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, ஆனா புத்தி ஏழெட்டு வயசுப் பிள்ளை மாதிரி. தாளம் மட்டும் பிசகாது. ஆதி தாளம் எங்க சுத்தினாலும் சமத்துக்கு வந்து நிப்பாரு. படிச்ச மிருதங்கக்காரர் ஒருத்தர் கேட்டுட்டு அசந்து போனாரு. மார்கழி முப்பது நாளும் முதல் ஆளா வந்து மண்டபத்துல உக்காந்திருப்பாரு. அவருக்கு அந்த ஒரு மாசம்தான் தீபாவளி, பொங்கல் எல்லாம்.

அவரை வச்சு என்னென்ன நடக்குதுன்னு எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். பெட்டி தூக்கறது, ரேடியோ செட்டுப் பேட்டரி தூக்கறது, அண்டா கழுவறது எல்லாம் அவர் தலையில. சரி, உதவின்னு வச்சுக்குவோம். துக்க வீட்டுல பாடறதுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் குழுவைக் கூப்பிட்டா காசு கொடுப்பாங்க. எல்லாரும் பங்கு பிரிச்சுக்குவாங்க. அவருக்கு ஒரு டீயும் ரெண்டு பன்னும். 'அவனுக்கு எதுக்கு காசு, கணக்கு தெரியுமா?'ன்னு கேள்வி. கணக்கு அவருக்குத் தெரியாதுன்னா அவங்க அம்மாளுக்குத் தெரியுமே. அறுபத்தஞ்சு வயசுல இன்னும் களை எடுக்கப் போகுது அந்தம்மா. அவருக்கு வர்ற அரசு உதவித்தொகையிலயும் இதே கேள்வி. 'நான் எடுத்துத் தர்றேன்'னு ஏடிஎம் கார்டை வாங்கிப் போனவங்க முழுசாத் திருப்பிக் கொடுத்தாங்களான்னு யாரும் கேட்டதில்லை.

அதை விட மோசம் போன தைப்பூசத்துல. யாத்திரையில ராத்திரி தங்கின எடத்துல, நாலு இளவட்டங்க அவருக்குப் பாட்டில்ல என்னமோ கலந்து கொடுத்து ஆட விட்டு, அதைப் போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விட்டாங்க. வேட்டி அவிழ்ந்தது கூடத் தெரியாம அவரு ஆடறாரு, பின்னாடி சிரிப்புச் சத்தம். ஊர்ல பாதி பேர் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. அவங்க அம்மாளும் பார்த்துச்சு. இதை விளையாட்டுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 92ஆவது பிரிவு இருக்கு. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா ஆறு மாசத்துக்குக் குறையாம, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. 7ஆவது பிரிவுப்படி, அவங்களைக் கொடுமைப்படுத்தறது, சுரண்டறது தெரிய வந்தா யார் வேணும்னாலும் நிர்வாக நடுவர்கிட்டச் சொல்லலாம். நம்ம பக்கம் வழக்கத்துல சொல்லணும்னா தாசில்தார், ஆர்டிஓ கிட்ட. சொந்தக்காரங்கதான் சொல்லணும்னு இல்லை.

'அப்ப அவரை யாத்திரைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம்'னு ஒருத்தர் வழி சொன்னாரு. எனக்கு அதுலதான் ரொம்ப கோபம். தப்பு பண்ணினவன் காவடி எடுப்பானாம், தாளம் தப்பாத மனுஷன் வீட்டுல உக்காரணுமாம். பாதுகாப்புங்கற பேர்ல அவரை ஒதுக்கி வைக்கறது வேற, அவரு நிம்மதியா வந்து வாசிச்சுட்டுப் போறதுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாப் போடறது வேற. கூடப் படுக்கறதுக்கு அவங்க மாமன் பையன் வர்றேன்னு சொல்லியிருக்கான். பங்குக் காசு அவங்க அம்மா கையில நோட்டுல கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும். இவ்வளவுதான்.

பாடற பாட்டிங்க மூணு பேரும் இப்படித்தான். கழுத்துல காதுல கிடக்கற நகையோட இருட்டுல தனியா நடக்கறாங்க. 'சன்னதிக்கு நன்கொடை'ன்னு சொல்லி ஒரு பாட்டிகிட்ட முதியோர் பென்ஷனையே வாங்கினவங்களும் உண்டு. மூத்தவங்களுக்கு 14567னு ஒரு இலவச எண் இருக்கு, எழுதி வச்சுக்குங்க.

சரி, நான் என்னதான் கேக்கறேன்?

ஒரு நாப்பது பக்க நோட்டு. அதுல முதல்ல பிள்ளைங்க பேரு, வயசு, வீட்டுல யாரைக் கூப்பிடணும், போன் நம்பர். தினமும் வந்ததும் ஒரு டிக், போனதும் யார் கூடப் போச்சுன்னு ஒரு எழுத்து. இதைப் பார்க்க ரெண்டு பேர். ரெண்டுல ஒண்ணு கண்டிப்பாப் பொம்பளை. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருக்கக் கூடாது. வீதி சுத்தறப்ப அதுல ஒரு ஆள் பாட வேண்டாம், வாலுக்குப் பின்னாடி டார்ச் லைட்டோட நடக்கணும். வீதிக்கு ஒரு வீடுன்னு முறை வச்சு, அந்த வீதிப் பிள்ளைங்க எல்லாம் அங்க சேர்ந்து ஒண்ணா வரணும், ஒண்ணாப் போகணும். வண்டியில விடறவங்க விடட்டும், ஒரு பிள்ளையைத் தனியா ஏத்தாதீங்க.

பாட்டுப் பழக்கறது மண்டபத்துலதான், கதவு திறந்துதான். யார் வீட்டு மாடியிலயும் வேண்டாம். தனிப் பாடம் வேணும்னா வீட்டுல இருந்து ஒருத்தர் கூட வந்து உக்காரட்டும். தொட்டுச் சொல்லிக் கொடுக்கற பேச்சு வந்தப்ப, 'தொடாம எப்படி மிருதங்கம் சொல்லிக் கொடுக்கறது?'ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் நம்ம மிருதங்கக்காரர்கிட்டயே போய்க் கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டு, 'நான் எதிர்ல உக்காந்து என் மிருதங்கத்துல வாசிச்சுக் காட்டுவேன், பிள்ளை பார்த்து வாசிக்கும். விரல் தப்பா விழுந்தா சொல்லிட்டு மணிக்கட்டைப் பிடிச்சுத் திருத்துவேன். அதுக்கு மேல தொடற வேலை இதுல என்ன இருக்கு? தாளம் அவங்கவங்க தொடையிலதான் போடணும், பிள்ளை தொடையில எதுக்குப் போடணும்?'ன்னு கேட்டாரு. முப்பது வருஷமா வாசிக்கற மனுஷன் அவரு. நல்ல வாத்தியாருக்கு இந்த முறையால ஒரு கஷ்டமும் இல்லை. சொல்லப் போனா நாளைக்கு எவனாச்சும் பொறாமையில வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், கதவு திறந்திருந்துச்சு, நாலு பேர் இருந்தாங்கன்னு அந்த முறையே அவருக்குச் சாட்சி.

வெளியில இருந்து பாட்டு வாத்தியார் கூட்டி வர்றதா இந்த வருஷம் பேச்சு இருக்கு. தாராளமா வரட்டும். சந்தையில மாடு வாங்கறப்ப பல்லைப் பிடிச்சுப் பார்க்கறோம், சுழி பார்க்கறோம், வித்தவன் ஊருக்குப் போய் மடி எப்படின்னு விசாரிக்கறோம். பிள்ளைங்களை ஒப்படைக்கற ஆளைப் பத்தி முன்னாடி சொல்லிக் கொடுத்த ரெண்டு ஊர்ல போன் போட்டு விசாரிக்க நமக்கு என்ன கூச்சம்? 'ஏன் அங்க இருந்து வந்துட்டாரு?'ன்னு கேட்டுட்டு, அந்தப் பக்கம் பேச்சு எங்க தயங்குதுன்னு கவனிங்க.

போன் விஷயம் ஒண்ணு. வாத்தியாரோ பெரியவங்களோ பிள்ளைங்க நம்பருக்குத் தனியா மெசேஜ் அனுப்ப வேண்டாம். பெத்தவங்க இருக்கற குரூப்புல போடுங்க. பிள்ளைங்க பாடறதை வீடியோ எடுத்துப் போடறதுக்கு முன்னாடி வீட்டுல கேளுங்க. கோலாட்டத்துக்கு வேஷம் கட்டறப்ப பெண் பிள்ளைங்க உடுப்பு மாத்த ஒரு அறை ஒழிச்சுக் கொடுங்க, போன போட்டிக்கு வேனுக்குள்ளேயே மாத்தினாங்க. யாத்திரையில பிள்ளைங்க படுக்கற எடம் தனி, பெத்தவங்க யாராச்சும் பக்கத்துல. சாராயம் குடிச்சவன் அன்னைக்குக் குழுவுல பாட வேண்டாம், எவ்வளவு பெரிய பாட்டுக்காரனா இருந்தாலும்.

இதையெல்லாம் விடக் கஷ்டமான இடத்துக்கு வர்றேன். இவ்வளவு பண்ணியும் ஒரு பிள்ளை வந்து 'இப்படி நடந்துச்சு'ன்னு சொன்னா? நம்ம ஊர் வழக்கம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு பெரிய மனுஷங்க கூடுவாங்க. பிள்ளையை நடுவுல நிறுத்தி எங்க, எப்போ, எப்படின்னு கேப்பாங்க. அவன் கால்ல விழுவான். ஒரு தொகை பேசுவாங்க. 'பொம்பளைப் பிள்ளை பேரு கெட்டுப் போகும், விட்டுருங்க'ன்னு முடிப்பாங்க. ஆம்பளைப் பையன்னா அதுவும் இல்லை, சிரிச்சுட்டுப் போயிருவாங்க.

இது சட்டப்படியே குற்றம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் இருந்து நடைமுறையில இருக்கு. 18 வயசுக்குக் கீழ இருக்கற ஆணோ பெண்ணோ எல்லாருக்கும் அது பொருந்தும். இப்படி ஒண்ணு நடந்தது தெரிஞ்சாலோ, நடக்கப் போகுதுன்னு பயம் இருந்தாலோ போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு 19ஆவது பிரிவு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு 21ஆவது பிரிவு. ஒரு அமைப்புக்குப் பொறுப்பா இருக்கறவர் தன் கீழ இருக்கற ஆளு செஞ்சதை மறைச்சா ஒரு வருஷம். நல்லெண்ணத்துல தகவல் சொன்னவங்க மேல வழக்கு வராது. பணம் கொடுத்து முடிச்சுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு: ராஜஸ்தான்ல ஒரு வாத்தியார் மேல இருந்த இப்படிப்பட்ட வழக்கை, பிள்ளையோட வீட்டார் கூட சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே தள்ளிட்டு வழக்கை நடத்தச் சொல்லிருச்சு. டெல்லியில செல்லாத பஞ்சாயத்து நம்ம புளியமரத்தடியில செல்லுமா?

பேரு கெட்டுப் போகும்ங்கற பயம் உண்மையான பயம், அதை நான் லேசாச் சொல்லலை. அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. பிள்ளை பேரையோ, வீட்டையோ, பள்ளிக்கூடத்தையோ பத்திரிகையில போடக் கூடாது. வாக்குமூலம் வாங்க, முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்.ஐ., காக்கி உடுப்பு இல்லாம, பிள்ளை இருக்கற வீட்டுக்கோ பிள்ளைக்குப் பிடிச்ச இடத்துக்கோ வரணும். ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. அப்படிப் பார்த்தா பேரைக் கெடுக்கறது போலீஸ் இல்லை, டீக்கடைதான். நம்ம வாயைக் கட்டினாப் போதும்.

போலீஸுக்குப் போகப் பயமா இருந்தா 1098க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு. ஊராட்சியிலேயே கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். நம்ம ஊர்ல அதுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டேன். பதில் சொல்ல ஒரு வாரம் ஆச்சு. சொன்ன பேர்ல ஒருத்தர் இறந்து ரெண்டு வருஷம் ஆகுது.

பிள்ளை சொல்ல வந்தா நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறுக்க பேசாம கேளுங்க. 'நீ ஏன் அங்க போனே?'ன்னு கேக்காதீங்க. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு சத்தியம் பண்ணாதீங்க, ஏன்னா சொல்லித்தான் ஆகணும். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க. அந்த ஆளைப் போய் நீங்களே அடிக்கவும் வேண்டாம், கேஸ் கெட்டுப் போகும். அன்னைக்கே அந்த ஆளைக் குழுவுல இருந்து நிறுத்தி வையுங்க. பிள்ளையை நிறுத்தாதீங்க.

'இவ்வளவு சட்டம் பேசினா யாருங்க சொல்லிக் கொடுக்க முன்வருவாங்க? குழு நின்னு போகும்'னு ஒரு தம்பி கேட்டாரு. குழு எப்படி நின்னு போகுதுன்னு நான் சொல்றேன். போன மார்கழியில எட்டாவதுக்கு மேல படிக்கற பெண் பிள்ளைங்க மூணே பேர்தான் வந்தாங்க. அதுக்கு முந்தி பன்னெண்டு பேர். ஏன்னு நான் ஒவ்வொரு வீடா விசாரிச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. 'காலம் கெட்டுக் கிடக்குங்க'ன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு வீட்டுல அம்மாக்கள், 'யாராச்சும் பொறுப்பா இருக்காங்கன்னா அனுப்பறோம் அண்ணா'ன்னாங்க. நோட்டு போடறதால யாரும் வராமப் போகப் போறதில்லை. நோட்டு இல்லாததாலதான் வர மாட்டேங்கறாங்க.

செலவுக் கணக்கும் கேட்டிருந்தாங்க. நோட்டு நான் வாங்கிட்டேன். டார்ச் லைட் ஆறு வேணும், கோயில்ல நாலு இருக்கு, அதுல ஒண்ணு சுவிட்ச் போச்சு. புளியமரத்தடி விளக்குக்கு ஊராட்சியில மனு எழுதிக் கொடுத்திருக்கேன், இன்னும் ரெண்டு பேர் கையெழுத்து போட்டா நல்லது. பின்னாடி நடக்கற முறைக்கு இதுவரைக்கும் எட்டு பேர் பேரு கொடுத்திருக்காங்க, அதுல அஞ்சு பேர் பொம்பளைங்க. முப்பது நாளைக்கு இன்னும் ஏழு பேராச்சும் வேணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள பால் சொசைட்டியில வந்து பேரு கொடுங்க, காலையில ஆறரை வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்.